தூங்குமூஞ்சி மரத்தின் கடிகாரம்

கேள்வி: எங்கள் தெருவில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் தினமும் பொழுது சாயும்போது இலைகளை மூடிக்கொள்கிறது. வெளிச்சம் குறைவதைப் பார்த்துத்தான் மூடுகிறதா, இல்லை அதற்கு மணி தெரியுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: மணி நன்றாகவே தெரியும். அது சரிதானா என்று சூரியனிடம் தினமும் கேட்டுக்கொள்ளவும் தெரியும்!

1729-இல் பிரான்ஸைச் சேர்ந்த வானியலாளர் தெ மைரான், தொட்டாற்சுருங்கி போன்ற ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாதபோதும் அது பகலில் இலை விரித்தது, இரவில் மூடியது. நூறாண்டு கழித்து, 1832-இல், தாவரவியலாளர் தெ காந்தோல் அத்தகைய செடியைத் தொடர் வெளிச்சத்தில் வைத்து அளந்தபோது ஒரு சுற்றுக்கு 22 முதல் 23 மணி நேரமே ஆனது. அப்படியே விட்டால் சில நாட்களில் அந்தச் செடிக்கு நள்ளிரவிலேயே விடிந்துவிடும்!

அதைத் தடுப்பது ஒளிதான். சிவப்பு ஒளியை உணர பைட்டோகுரோம், நீல ஒளியை உணர கிரிப்டோகுரோம் என்ற புரதங்கள் இலைக்குள் இருக்கின்றன. விடியல் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளும்; இருட்டிய பின் படும் வெளிச்சம் பின்னே இழுக்கும்.

இதே கடிகாரத்தை வைத்து இரவின் நீளத்தை அளக்கும் செடிகளும் உண்டு. சாமந்திக்கு நீண்ட இரவு வந்தால்தான் மொட்டு விடத் தோன்றும். நள்ளிரவில் கொஞ்சம் வெளிச்சம் பட்டாலே தள்ளிப்போட்டுவிடும். பூப்பதைத் தாமதப்படுத்த விரும்பும் விவசாயிகள் வயலில் பல்பு கட்டுவது இதனால்தான்.

உங்கள் வீட்டுச் சாமந்தி பூக்க மறுத்தால் உரத்தை மாற்றும் முன், தொட்டியை வாசல் விளக்கடியிலிருந்து நகர்த்திப் பாருங்கள்.