பஸ்ஸுக்கு எதற்குப் பூட்டு?

2019 ஏப்ரல். ஹைதராபாத் கௌலிகூடா பஸ் ஸ்டாண்டில் இரவு நிறுத்திய குஷாய்குடா டெப்போ அரசுப் பேருந்து, விடிந்து பார்த்தால் இல்லை. மகாராஷ்டிராவின் நாந்தேட் பக்கம் போலீஸ் கண்டுபிடித்தபோது மிஞ்சியது எலும்புக்கூடு. பத்து ரூபாய் டிக்கெட் எடுக்காதவரைப் பிடிக்கப் பரிசோதகர் உண்டு. பஸ்ஸையே எடுத்தவரைக் கேட்க ஆளில்லை.

அதே மாதம் முதல் தேதிதான் புது வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்ற விதி நாடெங்கும் வந்தது. ஹாலோகிராம், லேசர் எண், கழற்ற முடியாத பூட்டு. வண்டி போனாலும் பிளேட்டைத் தனியே கழற்ற முடியாது. எவ்வளவு நிம்மதி!

பிளேட்டை அல்ல, வண்டியையே காக்கவும் வழி உண்டு: சாவியில் சிப் இருந்தால்தான் இன்ஜின் கிளம்பும் என்ற இம்மொபிலைசர் ஏற்பாடு பழசு. கனடாவில் 2007 முதல் அது கட்டாயம். கட்டாயமில்லாத அமெரிக்காவிலோ, ஹூண்டாயும் கியாவும் பல மலிவு மாடல்களில் அதை வைக்கவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள மூடியைப் பெயர்த்து, போன் சார்ஜர் வயரின் முனையைச் செருகித் திருப்பிய பொடியன்கள் காரோடு பறந்தார்கள். செய்முறை விளக்கம் டிக்டாக்கில். கம்பெனிகள் போலீஸ் மூலம் இலவச ஸ்டீயரிங் பூட்டுகளை விநியோகித்தன. கார் சொந்தக்காரர்களின் வழக்கில் 2023இல் சுமார் 20 கோடி டாலர் சமரசத்துக்கும் ஒப்புக்கொண்டன.

கார் வாங்கப் போகிறவர்கள் சன்ரூஃபைத் திறந்து பார்ப்பதற்கு முன், இம்மொபிலைசர் உண்டா என்று ஷோரூமில் கேளுங்கள்.