சும்மா நிற்கும் குடியானவன்

என் பேச்சை மறுபேச்சில்லாமல் கேட்பவர்கள் மொத்தம் 200 பேர். அத்தனை பேரும் லேப்டாப்புக்குள் இருக்கிறார்கள்.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' 1999-இல் வந்த விளையாட்டு. நான் அதை முதலில் ஆடியது ஆம்பூரில் ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கு 20 ரூபாய் கொடுத்து. அப்போது தலையில் முடி இருந்தது. இப்போது வயது 43, ஷூ கம்பெனியில் புரொடக்‌ஷன் பிளானிங். ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் வீடு திரும்பவே எட்டரை ஆகும். எப்போதோ தலைமுழுகியிருப்பேன். 2022-இல் அதில் 'திராவிடர்' என்று ஓர் இனத்தைச் சேர்த்துக் கெடுத்தார்கள். ராஜேந்திர சோழனாகப் படையெடுக்கலாம், சுருள்வாள் வீசும் வீரன் உண்டு. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஆளைத் தொட்டால் தமிழில் பதில் சொல்கிறான்! "போய் மரம் வெட்டு" என்றால் "நேத்துதானே வெட்டினேன்" என்பதில்லை. குடும்பஸ்தன் வேறென்ன கேட்கிறான்?

ஒரு யுகத்திலிருந்து அடுத்த யுகத்துக்கு ஏறும்போதெல்லாம் திராவிடருக்கு 200 மரம் இனாமாக வரும். கேட்காமலே வருகிற போனஸ். தோல் தொழிலில் 18 வருஷம் தள்ளியவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அங்கே ஒரு வீடு கட்டினால் 5 பேருக்கு இடம் என்று கணக்கு. எங்கள் வீட்டிலும் அம்மா, மனைவி, மகள், மகன், நான் என்று சரியாக 5 பேர். ஒற்றுமை அதோடு முடிந்தது.

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சீரக சம்பா பிரியாணி உள்ளே போய், கத்தரிக்காய் எண்ணெய் இன்னும் விரலில் பிசுபிசுக்க, மோட்டாரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். டேங்க் நிறைய 20 நிமிஷம் ஆகும். அதற்குள் ஒரு மதில் எழுப்பிவிடலாம். மதில் எழும்பியது. மதிலுக்கு வெளியே எதிரி வந்தான். அவனைத் துரத்திக்கொண்டு நான் கங்கைவரை போயிருந்தபோது, மாடியில் வழிந்த தண்ணீர் அம்மா காயப்போட்ட வடகத்தை நனைத்து, படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டது. ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூர்ப் பக்கத்தைக் கேலி செய்வார்கள். பாலாற்றில் பார்க்காததை எங்கள் தெரு அன்று பார்த்தது. எதிர்வீட்டு பாய் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "என்ன சார், நாங்க லாரித் தண்ணிக்கு மூணு நாளா சொல்லிட்டு உக்காந்திருக்கோம். நீங்க ரோட்டைக் கழுவுறீங்க?"

ராஜா இல்லாத அந்தக் கோட்டைக்கும் ஒரு ராஜா வந்தார், கைதியாக. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வெள்ளைக்காரன் அங்கேதான் அடைத்துவைத்தான். 1832-இல் அங்கேயே இறந்தார். எங்கள் ஹாலில் நடந்த விசாரணையின்போது அவர் நினைவுதான் வந்தது. தீர்ப்பு: இரவு 10 மணிக்கு மேல் லேப்டாப் கிடையாது.

மேல்முறையீடு செய்து பார்த்தேன். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத்தான் தமிழ்நாடு அரசு 2025-இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டுப் போட்டது, உயர் நீதிமன்றமும் அதைத்தான் சரி என்றது, நான் காசு வைத்து ஆடுகிறவன் இல்லையே என்று வாதம்.

"அப்போ மோட்டாருக்குக் கரண்ட் பில்லு யாரு கட்டுறது?" என்றாள் மனைவி. வழக்கு தள்ளுபடி.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். மகன் திரையின் மூலையைக் காட்டி, "அப்பா, இந்த பட்டன் எதுக்கு?" என்று கேட்டான்.

"வேலை செய்யாம சும்மா நிக்கிறவன் எங்க இருந்தாலும் இதை அமுக்கினா மாட்டிக்குவான்டா" என்று நான் பெருமையாக விளக்கினேன். அடுப்படியில் வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது.

அன்றிலிருந்து காஸ் புக் பண்ண, மகளை டியூஷனில் விட, எதற்கும் எனக்கு "என்னங்க" கிடையாது. ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு அழுத்து, வாயால் ஒரு "டிங்". பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். நேற்று பிரஷர் மாத்திரை தீர்ந்துபோய், அம்மாவும் கட்டிலில் படுத்தபடியே விரலை நீட்டினாள். "டேய்... டிங்."

நானும் தமிழில்தான் பதில் சொன்னேன்.

"இதோ போறேம்மா."