ஆயிரத்து முப்பத்து மூன்று பேர்

மொடக்குறிச்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இன்றும் நினைவுக்கு வருவது அந்த வாக்குச்சீட்டுப் புத்தகம்தான். 1996 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். அத்தனை பெயரும் சின்னமும் ஒரு தாளில் அடங்காததால் புத்தகமாகவே அச்சடித்தார்கள். வாக்குப்பதிவும் தள்ளிப்போனது. பொது அறிவு நூல்களில் இது ஒரு விநோதத் தகவல். எங்களுக்கோ அது கடைசி வழியாக இருந்தது.

நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் விவசாயிகள். மஞ்சளும் கரும்பும் நெல்லும் வைத்தவர்கள், கீழ்பவானி, காளிங்கராயன் வாய்க்கால்களில் தண்ணீர் வந்தால்தான் பிழைப்பு என்றிருந்தவர்கள். அவர்கள் குறையைக் கேட்க ஆளில்லை. அப்போது டெபாசிட் 250 ரூபாய். என் மாமாவும் கட்டினார்.

"அந்தக் காசுக்கு ஒரு மூட்டை உரம் வாங்கியிருக்கலாமல்லோ?" என்று அம்மாயி சண்டைக்கு வந்தாள்.

"செயிக்கறதுக்கா நிக்கறோம் ஆத்தா? இத்தனை பேரு எதுக்கு நிக்கறாங்கன்னாவது கேப்பாங்கல்லோ."

தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் பெரிய வித்தியாசத்தில் வென்றார். 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தன் பெயர் அச்சான சீட்டிலேயே தனக்குக் குத்தாமல், ஆளப்போகிறவர் யார் என்று யோசித்து வாக்களித்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். பதவி ஆசையில் நின்றவன் அப்படிச் செய்வானா?

மாமா எதிர்பார்த்த கேள்வி வரவில்லை. அதே ஆண்டில் சட்டத் திருத்தம் வந்தது. சட்டமன்றத்துக்கான டெபாசிட் 5,000 ரூபாயாயிற்று. அங்கீகரிக்கப்பட்ட கட்சி நிறுத்தாத வேட்பாளரைப் பத்து வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும் என்றார்கள். 2009 திருத்தத்தில் தொகை 10,000 ஆனது. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது திரும்ப வராது. கட்சிக்காரருக்கு இது ஒரு நாள் பிரசாரச் செலவுகூட இல்லை. குத்தகைக்கு உழுகிறவருக்கு அப்படியல்ல. தேர்தலை ஒழுங்காக நடத்த ஏதாவது வரம்பு தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயிரம் பேர் ஏன் வந்தார்கள் என்று விசாரிக்கும் முன்பே கதவைச் சாத்தியது அநியாயம்.

உயர்ந்த டெபாசிட்டும் எல்லாரையும் தடுத்துவிடவில்லை. மஞ்சள் விளையும் இன்னொரு ஊரான தெலங்கானாவின் நிஜாமாபாத்தில், 2019 மக்களவைத் தேர்தலில் 185 பேர் நின்றார்கள். பெரும்பாலோர் விவசாயிகள், டெபாசிட் 25,000 ரூபாய். மஞ்சள் வாரியம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதைக் கொண்டுவருவதாகப் பத்திரத்தாளில் எழுதிக் கொடுத்த பா.ஜ.க. வேட்பாளர் அரவிந்த் தர்மபுரி வென்றார். அப்போது உறுப்பினராக இருந்த கவிதா தோற்றார். 2025 ஜனவரியில் அங்கே வாரியம் தொடங்கியது. ஆறு வருடம் இழுத்தாலும், வந்தது. மஞ்சளுக்குப் பேர்போன ஈரோட்டுக்காரர்களாகிய நாங்கள் அதைச் செய்தியில் பார்த்தோம்.

எங்கள் தொகுதியில் 2021இல் மறுபடியும் சுப்புலட்சுமி ஜெகதீசன் நின்றார். 1,033 பேர் கொண்ட களத்தில் சுலபமாக வென்றவர், இம்முறை பா.ஜ.க.வின் சி. சரஸ்வதியிடம் தோற்றார். வித்தியாசம் 281 வாக்குகள்.

மாமா அந்த எண்ணை விடவே இல்லை. "எங்க வாய்க்கால் பாசனத்துல மட்டும் அதவிட ஓட்டு சாஸ்தி கண்ணு. இனி டெபாசிட் கட்டோணும்னு இல்ல. ஓட்டுக் கேட்டு வர்றவங்கள உக்கார வெச்சு எழுதி வாங்கோணும்," என்கிறார். அவர் பட்டியலில் முதலாவது கடைமடைக்குத் தண்ணீர். அடுத்தது மஞ்சள் விலை.