கேளுங்கள், தட்டப்படும்

நானுஓயா தபால்பையில் இந்த முறை ஜாஸ் கடிதங்கள்தான் அதிகம். குளிருக்கு வேறு என்ன செய்வது!

கே: வைப்ரஃபோன் என்றால் என்ன? செல்போனை வைப்ரேஷனில் போடுவது மாதிரியா?
– உயர்தர மாணவர், பிளாக்பூல்

ப: அதிர்வது உண்மை, அழைப்புத்தான் வராது. அலுமினியச் சட்டங்களைப் பியானோக் கட்டைகளின் வரிசையிலேயே அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் கீழே ஒரு குழாய், குழாயின் வாயில் ஒரு சிறு வட்டத் தகடு. மோட்டார் தகட்டைச் சுழற்றச் சுழற்றக் குழாய் திறந்து மூடும், நாதம் நடுங்கும். கால்மாட்டில் பெடல்: மிதித்தால் ஒலி நீளும், எடுத்தால் அடங்கும். 1930இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஒலிப்பதிவு நடந்த ஸ்டுடியோவில் இது ஒரு மூலையில் சும்மா கிடந்தது. அன்று டிரம்ஸ் வாசிக்க வந்த லயனல் ஹாம்ப்டன் அதையும் தட்டிப் பார்த்தார். ஜாஸுக்குள் வைப்ரஃபோன் நுழைந்தது அப்படித்தான்.

கே: ஒரே ஆள் பியானோவும் வைப்ரஃபோனும் வாசிக்க முடியுமா?
– இசை ஆசிரியை, தலவாக்கலை

ப: கட்டை வரிசை ஒன்றுதானே டீச்சர். அங்கே பத்து விரல், இங்கே இரண்டு கோல், மிஞ்சினால் நாலு. பத்துப் பேர் வேலையை நாலு பேரிடம் வாங்குவது தோட்டத்தில் புதிதா என்ன! லண்டனில் 1934இல் பிறந்த விக்டர் ஃபெல்ட்மன் இரண்டையும் வாசித்தவர். அதற்கு முன்பே டிரம்ஸில் கைதேர்ந்த பிள்ளை; பத்து வயதில் கிளென் மில்லரின் ராணுவ இசைக்குழுவோடு மேடையேறிவிட்டார். 1955இல் அமெரிக்கா போனார். ‘தி அரைவல் ஆஃப் விக்டர் ஃபெல்ட்மன்’ என்ற 1958ஆம் ஆண்டு ரெக்கார்டைத் தேடிக் கேளுங்கள். பேஸ் வாசித்திருப்பவர் ஸ்காட் லஃபாரோ. அதற்காகவே இரண்டு தரம் கேட்கலாம்.

கே: மைல்ஸ் டேவிஸ் கூப்பிட்டும் போகாத ஆள் உண்டா?
– பழைய ரெக்கார்ட் பிரியர், கொட்டகலை

ப: உண்டு, அதே ஃபெல்ட்மன். 1963 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸில் மைல்ஸோடு பியானோ வாசித்தார். ‘செவன் ஸ்டெப்ஸ் டு ஹெவன்’ என்ற மெட்டையும் கொடுத்தார். குழுவில் சேரச் சொன்னால், ஸ்டுடியோ வேலையில் நல்ல வருமானம் இருக்கிறது என்று நின்றுவிட்டார். மே மாதம் நியூயார்க்கில் அந்த இடத்தில் உட்கார்ந்தவர் ஹெர்பி ஹான்காக். ஆல்பத்துக்கே பெயர் தந்த மெட்டு ஃபெல்ட்மனுடையது; அதில் பியானோ ஹான்காக்கினுடையது! ஃபெல்ட்மனின் விரல்கள் அந்த ஆல்பத்தின் மூன்று மெதுவான பாட்டுகளில் மட்டும் கேட்கும். பிழைக்கத் தெரியாதவர் என்று ரசிகர்கள் சொல்லலாம். மாதக் கடைசியில் கடைக்கடன் கட்டியவர்கள் சொல்லமாட்டார்கள். 1970களில் ஸ்டீலி டான் குழுவின் ஆல்பங்களிலும் பின்னாலிருந்து வாசித்தவர் அவர்தான். 1987இல், 53 வயதில் காலமானார்.

கே: இதில் நம்ம ஆள் யாருமே இல்லையா?
– ஹட்டன் வாசகர்

ப: வைப்ரஃபோனை விடுங்கள், பியானோவில் இருக்கிறார்: விஜய் ஐயர். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை, 1971இல் பிறந்தவர். மூன்று வயதிலிருந்து முறையாகப் படித்தது வயலின். பியானோ, அக்காவின் பியானோவில் தானே தடவித் தடவிப் பழகியது. முதல் ஆல்பம் 1995இல்.

கே: ஐயர் என்றால் கர்நாடக சங்கீதத்தைத்தான் பியானோவில் வாசிப்பாராக்கும்?
– சந்தேகப் பேர்வழி, ரதல்ல

ப: பெயரைப் பார்த்துக் கச்சேரி எடை போடாதீர்கள். கிட்டார் பிரசன்னா, தபலா நிதின் மிட்டா இருவரோடும் 2011இல் ‘தீர்த்தா’ என்று ஒன்று போட்டார். உங்கள் ஆசைக்கு அது பக்கத்தில் வரும். ஆனால் என்னைக் கேட்டால் 2009இன் ‘ஹிஸ்டாரிசிட்டி’தான். அதில் எம்.ஐ.ஏ.யின் ‘கலாங்’ பாட்டை எடுத்திருக்கிறார். யார் அந்த எம்.ஐ.ஏ.? யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து லண்டனில் பாடகியான மாதங்கி அருள்பிரகாசம். சொல் ஒன்றுமில்லை, பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றும் ஒன்றையொன்று விரட்டுகின்றன. மார்கஸ் கில்மோரின் டிரம்ஸில் காதை வையுங்கள்.

கே: மகன் கணக்குப் பாடத்தை விட்டுவிட்டு எந்த நேரமும் கீபோர்டோடு இருக்கிறான். புத்தி சொல்லுங்கள்.
– ஒரு தாய், லிந்துலை

ப: அம்மா, விஜய் ஐயர் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகமும் படித்தவர் என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு பெர்க்லியில் பௌதிக ஆராய்ச்சியைக் கைவிட்டு, இசையைப் பற்றி ஆய்வு செய்து 1998இல் டாக்டர் பட்டம் வாங்கினார், 2014இல் ஹார்வர்டில் பேராசிரியரானார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியவேண்டாம்! தாளம் தலைக்குள் எண்ணும் கணக்கு மட்டுமல்ல, உடம்பு அசைந்து அறிவது என்பதுதான் அந்த ஆய்வின் சாரம். காமன் கூத்துக்குத் தப்பைத் தீயில் காய்ச்சி அடிக்கிறவரிடம் இதைச் சொன்னால், இதற்கா பட்டம் கொடுத்தார்கள் என்று கேட்பார்.

கே: ஜாஸ் ஜாம்பவான்கள் யாராவது இலங்கை வந்திருக்கிறார்களா?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், நானுஓயா

ப: 1958இல் டேவ் புரூபெக், 1963இல் டியூக் எலிங்டன். இருவரையும் அனுப்பியது அமெரிக்க வெளியுறவுத் துறை. எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் அந்தப் பயண நினைவுகளை ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ என்று ஆல்பமாக்கினார்கள். ஆக்ராவுக்கு ஒரு பாட்டு, இஸ்ஃபஹானுக்கு ஒரு பாட்டு, டெல்லியில் கூவிய மைனாவுக்கும் ஒன்று. சிலோனுக்கு ஒன்றுமில்லை. ஒரு கோப்பை நல்ல தேயிலைச் சாயம் யாரும் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

கே: நானுஓயாவில் ரயிலேறி ஹட்டனில் இறங்குவதற்குள் கேட்டு முடிக்க ஒன்று சொல்லுங்கள்.
– தினப் பயணி

ப: ‘ஹிஸ்டாரிசிட்டி’யே சரியாக இருக்கும். முதல்நாளே டவுன்லோட் செய்து வையுங்கள், சிங்கமலைச் சுரங்கத்துக்குள் சிக்னல் போய்விடும்.