கல்லுக்கும் பட்டா கேளு, கண்ணு

ஏங்கண்ணு, பெங்களூர்ல உன்ற ஊட்டு ஹால்ல ரெண்டு முழ ஒசரத்துக்கு ஊதாக் கல்லுக் குகை ஒண்ணு வாங்கி நிறுத்தியிருக்கறயாமா? உங்கம்மா போன்ல போட்டோ காமிச்சா. அமெதிஸ்டாம். நெம்பச் சந்தோசம். வெலை என்னம்மான்னு கேட்டேன், "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங் மாமா"ன்னு பேச்சை மாத்திப்புட்டா. மாத்தின வெசையிலயே வெலை தெரிஞ்சு போச்சு.

வாங்கினதுக்கு நான் வைய மாட்டேன் சாமி. ஒண்ணு வாங்கினவன் ஒண்ணோட நிக்க மாட்டான், இந்தக் கிறுக்கு அப்படி. ஏமாறதுன்னு ஆயிப்போச்சு, அதையாவது பக்குவமா ஏமாறு. திருச்செங்கோட்டு போர் ரிக் வண்டியோட மராட்டிய தேசம் பூராச் சுத்துனவன் உங்கப்பாரு. பாறைக்குள்ள என்ன இருக்குதுன்னு நீ பொறக்கறதுக்கு முன்னாலயே பாத்தாச்சு.

மொதல்ல அந்தக் குகையைத் திருப்பி முதுகைப் பாரு. பச்சையோ கருப்போ பெயிண்டு அடிச்சிருக்கும். பெயிண்டை நகத்துல சொரண்டு, உள்ள சிமெண்டு. அது மோசடி இல்லை, ஓடு பொளந்து போகாம இருக்கப் பூசறது. ஆனா இந்தச் சாமான் எடை போட்டுத்தான் விக்கிறது. பிரேசில்ல ரியோ கிராண்டே டோ சூல்ல இருந்தும் உருகுவேயில ஆர்டிகாஸ்ல இருந்தும் கப்பலேறி வந்த கல்லுக்கு ஒரு வெலை, அதே வெலைக்குச் சிமெண்டும் சேத்து எடை. உன்ற பெரியப்பன் ஊடு கட்டறப்ப அந்த வெலையில சிமெண்டு வாங்கியிருந்தான்னா இன்னேரம் நாம தெருவுல நின்னிருப்போம்.

அடுத்த தடவை அந்தக் கடைக்காரர் மஞ்சக் கல்லு காமிப்பார். சிட்ரின், செல்வம் கொழிக்கும்பார். வாங்கு, வேண்டாம்னு சொல்லலை. அடியில வெள்ளையா இருந்து நுனியில மட்டும் ஆரஞ்சு ஏறியிருந்தா, அது சூளையில வெந்த அமெதிஸ்டு. கல்லுக்குள்ள துளியூண்டு இரும்பு இருக்குது, பாறையில இருக்கற கதிர்வீச்சு பட்டுப் பட்டு அது ஊதாவாக் காட்டுது. நல்லாச் சூடு காட்டினா ஊதா போயி மஞ்சளாகுது. நெசமான சிட்ரின் பூமியில கொஞ்சந்தான். செல்வம் கொழிக்குதா இல்லையான்னா, கொழிக்குது கண்ணு, சூளைக்காரனுக்கு.

அப்புறம் வாஸ்துக்காரர் கிழக்கு ஜன்னல்ல வெக்கச் சொன்னாராமா? தாராளமா வெய்யி. அமெதிஸ்டு வெயில்ல வருசக்கணக்கா கெடந்தா வெளுத்துப் போயிரும். வெளுத்ததுக்கப்புறம் அவர்கிட்டயே பரிகாரம் கேளு, இன்னொரு கல்லு சொல்லுவார்.

இந்தக் கல்லு யாவாரத்துல ஒரு வெசித்திரம் சொல்றேன் கேளு. நெசம் பொய்யாட்டத் தெரியும், பொய்யி நெசமாட்டத் தெரியும். ஸ்பெயின்ல லா ரியோஹா பக்கம் நவஹூன்னு ஒரு ஊரு. அங்க பைரைட் கெடைக்குது, இரும்பும் கந்தகமும் சேந்த கல்லு. சதுரக் கட்டி. ரம்பம் போட்டு அறுத்து பாலிசு போட்டாப்புல ஓரம் எல்லாம் கூரா, முகம் பளபளன்னு. பாத்தவன் அத்தனை பேரும் "இது மெசின்ல செஞ்சது"ன்னு சொல்லிப்புட்டு நகந்துருவான். ஆண்டவன் சாமி, நெசமாவே அப்படித்தான் வெளையுது. அதே ஆளு நாலு கடை தள்ளிப் போயி, மொராக்கோவுல இருந்து வந்த வெள்ளி மினுக்கற உருண்டையை ஆசையா எடுப்பான். அதுல பாதிக்கு மேல ஓட்டுக்குள்ள பசை தடவி ஈயக்கல்லு நொய்யை ஒட்டுனது. வானவில்லு படிக்கட்டாட்ட இருக்கற பிஸ்மத் கட்டி அடுப்புல உருக்கி ஆறவெச்சது. ரோசா, கத்திரிப்பூ, கிளிப்பச்சைன்னு அறுத்து அடுக்கற அகேட் தட்டெல்லாம் சாயம். ஜெர்மனியில இடார்-ஓபர்ஸ்டைன் ஊர்க்காரங்க 19ஆம் நூற்றாண்டுலயே இந்தச் சாயத் தொழில்ல கை தேர்ந்தவங்க. திருப்பூருக்கு அண்ணன் அவன்.

நீலமா, கண்ணைப் பறிக்கற கல்லு ஒண்ணு வந்தா நாட்டு மருந்துக் கடையை நெனச்சுக்கோ. மயில்துத்தத்தைக் கரைச்சு நூல்ல கட்டித் தொங்க விட்டா பள்ளிக்கூடப் புள்ளை கூட வளத்துரும். அதையே பாறைத் துண்டுல ஏத்தி, கால்கந்தைட்டுன்னு பேரு வெச்சு விக்கிறதும் நடக்குது. கால்கந்தைட்டுன்னு சுரங்கத்துல நெசமாவே ஒண்ணு இருக்குது, அதுவும் இதே சரக்குதான். அதனால பாத்துக் கண்டுபுடிக்கறது லேசில்லை. கழுவினா ரெண்டுமே கரையும்.

ஆனா நான் சொல்ல வந்தது போலியைப் பத்தியே இல்லை. நல்ல கல்லு எங்கிருந்து வருதுன்னு உனக்குத் தெரியணும். பிரேசிலுக்கும் மொராக்கோவுக்கும் பணம் கட்டறயே, பூனாக்காரன் கல்லை அமெரிக்காக்காரன் வரிசையில நின்னு வாங்கறான்னு தெரியுமா உனக்கு?

தக்காணத்துப் பாறை எரிமலைக் குழம்பு ஆறுனது. ஏறக்குறைய 6.6 கோடி வருசத்துக்கு முன்ன வழிஞ்சது. வழியறப்ப உள்ள காத்து மாட்டிக்கிட்டு பொந்து பொந்தா நின்னு போச்சு. அப்புறம் சுடுதண்ணி பாறையில ஊறி, பொந்துக்குள்ள பூந்து, கொண்டாந்த சரக்கையெல்லாம் சுவத்துல எறக்கி வெச்சுப்புட்டுப் போச்சு. ஸ்டில்பைட்டு, ஹியூலண்டைட்டு, ஸ்கோலிசைட்டு, அபோஃபில்லைட்டுன்னு பேரு. வாயில நொழையலைன்னா விட்டுரு. ஸ்டில்பைட்டு இளஞ்செவப்பா, நடுவுல இடுப்பு சிறுத்து ரெண்டு பக்கமும் விரிஞ்சிருக்கும். அபோஃபில்லைட்டு பச்சத்தண்ணியாட்டத் தெளிவு, மேல்முகம் மட்டும் முத்துப் பளபளப்பு.

நம்ம ரிக்குல இதெல்லாம் அகப்படாது. ஆறரை இஞ்சு பிட்டு சம்மட்டியாட்ட அடிச்சுக்கிட்டு எறங்குது, கம்ப்ரசர் காத்துல மேல வர்றது தூளு. எப்பவாவது கருந்தூளுக்கு நடுவுல வெள்ளைச் சில்லு பளிச்சுன்னு தெறிக்கும், பிட்டும் சித்தெ நேரம் லேசா எறங்கும். அப்ப நெனச்சுக்கணும், ஏதோ ஒரு பொந்தைக் கொன்னுப்புட்டோம்னு. கெணறு வெட்டறவனுக்கும் கல்லு ஒடைக்கறவனுக்குந்தான் யோகம். பூனாவுக்குக் கெழக்க வாகோலின்னு ஒரு ஊரு, சுத்தியும் கல்லு குவாரி. வேட்டு வெச்சுப் பாறை சரிஞ்சதும் ஜல்லிக்காரன் லாரிக்குக் காத்துக்கிட்டிருப்பான். அதுக்குள்ள ஒருத்தன் உளியோட பொந்துக்கிட்ட குந்திக்கிட்டுச் சுத்தியும் தட்டித் தட்டி எடுப்பான். கல்லு மேல அடி விழாது, கல்லைப் புடிச்சிருக்கற பாறையில விழும். பழைய மராட்டிப் பேப்பர்ல பொதிஞ்சு சாக்குல அடுக்குவான். அவன் கையை நீ பாத்திருக்கணும். உன்ற அம்மிணி கொழந்தையைக் குளிப்பாட்டற கை.

அந்த வாகோலியிலதான் கவான்சைட்டு கெடைச்சுது. வெள்ளை ஸ்டில்பைட்டு மேல நீல உருண்டை. கால்சியம், வனேடியம், சிலிகேட்டு மூணையும் சேத்து வெச்ச பேரு. மொதமொதல்ல அமெரிக்காவுல ஆரிகன் மாகாணத்துல கண்டாங்க, ஆனா அங்க கெடைச்சது பொடி. உலகத்துல இதுக்கு நல்ல சரக்குன்னா வாகோலிதான். அவன் பேரு வெச்சான், நம்மாளு சோறு போட்டான்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். கல்லை எடுத்துக்கிட்டு, கூட இருக்கற சீட்டைத் தூக்கிப் போட்டுறாதே. என்ன கல்லு, எந்தக் குவாரி, எந்த ஊரு, எப்ப எடுத்தது, யாரு கை மாறி வந்ததுன்னு எழுதின துண்டுச்சீட்டு. பட்டா இல்லாத நெலம் எத்தனை செழிப்பா இருந்தாலும் பேங்குக்காரன் திரும்பிப் பாப்பானா? சீட்டு இல்லாத கல்லும் அப்படித்தான். சேக்கறவன் கல்லுக்குப் பாதி, ஊருக்குப் பாதின்னு காசு குடுக்கறான். பழைய மியூசியத்துச் சீட்டு ஒட்டியிருந்தா இன்னும் கூட. பைத்தியக்காரத்தனம்னு நெனைக்காதே. குவாரி மூடிப்போச்சுன்னா அந்த ஊர்க் கல்லு அதோட சரி, இனி வெளையாது.

அமெரிக்காவுல கொலராடோ மாகாணத்துல ஸ்வீட் ஹோம்னு ஒரு வெள்ளிச் சுரங்கம். வெள்ளிக்காரன் தோண்டறப்ப செவப்பா ரோடோக்ரோசைட்டு வந்துக்கிட்டே இருந்துச்சு, இது எதுக்குன்னு குப்பையில கொட்டினான். நூறு வருசம் கழிச்சு வேற ஆளுங்க அந்தக் குப்பைச் சாமானுக்காகவே சுரங்கத்தைத் திறந்தாங்க. 1992ல ஒரு கட்டி எடுத்தாங்க, பக்கம் 14 சென்டிமீட்டருக்கு மேல, அல்மா கிங்குன்னு பேரு. இப்ப டென்வர் மியூசியத்துல கண்ணாடிக்குள்ள உக்காந்திருக்குது. வெள்ளி எடுத்தவன் பேரு யாருக்கு ஞாபகம்?

பட்டாவுலயும் போலி உண்டு, அதையும் தெரிஞ்சுக்கோ. லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியம் 1897ல ஒரு படிக மண்டை ஓடு வாங்கிச்சு. வித்தது டிஃபனி கம்பெனி. மெக்சிகோவுல ஆஸ்டெக் காலத்துதுன்னு ஊரு நம்புச்சு, வெளிநாட்டுக்காரன் இந்த மாதிரி மண்டை ஓட்டைச் சுத்தி சினிமாவே எடுத்தான். பின்னால மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்தா சக்கரம் சுத்தின கோடு. கொலம்பஸ் வர்றதுக்கு முன்ன அந்த ஊர்ல அந்தச் சக்கரமே கெடையாது. 19ஆம் நூற்றாண்டுல யூரோப்புல கடைஞ்சதுன்னு முடிவாச்சு. அத்தனாம்பெரிய மியூசியத்துக்கே அந்தக் கதி, நீ ஆன்லைன்ல ஆர்டர் போடறவன்.

கையில வந்ததை எப்படி வெச்சுக்கறதுன்னு கேப்பயே. ஓகனைட்டுன்னு ஒண்ணு இருக்குது, அதுவும் நம்ம தக்காணத்து உருப்படிதான், வெள்ளைப் பஞ்சு உருண்டை. பாத்ததும் தடவத் தோணும். தடவினா மயிரு படிஞ்சு போயிரும், மறுபடி நிமிராது. அதனால விருந்தாளிங்க வர்றப்ப அதை அலமாரிக்கு மேல வெச்சுப்புட்டு, ஒரு ரூவாக் கல்லைக் கீழ வெய்யி. மனோசிலையை ஜன்னலோரம் வெச்சா வெளிச்சம் பட்டு மஞ்சத் தூளா உதுந்துரும். அது ஆர்சனிக்கு வேற, தொட்டுப்புட்டு அப்படியே சோத்துல கை வெச்சயின்னா உன்ற கல்லு யாருக்குன்னு பங்காளிக பேச ஆரம்பிச்சுருவாங்க. பைரைட்டு ஈரக் காத்துல அமிலம் கக்கும், பெட்டியையும் சீட்டையும் சேத்துத் தின்னுரும். மெட்ராசுக்கு மாத்தலாயிப் போனீன்னா அதை ஞாபகம் வெச்சுக்கோ. அப்புறம் பவுர்ணமிக்குத் தண்ணிக்குள்ள போட்டு சக்தி ஏத்தறதா உன்ற அம்மிணி ஏதோ பாத்தாளாமா. உப்புக் கல்லைப் போட்டா விடிஞ்சா கல்லே இருக்காது. செலினைட்டும் தண்ணிக்கு ஆகாது. வெறும் குவார்ட்ஸ்னா ஒண்ணும் ஆகாது, சக்தியும் சேத்துத்தான்.

கீழ போட்டு ஒடைச்சுட்டாலும் அழுகாதே. பிரான்சுல ரெனே ஜுஸ்ட் ஆவின்னு ஒரு சாமியார், நண்பர் ஊட்டுக் கால்சைட்டு ஒடைஞ்சு செதறுனதுல எல்லாத் துண்டும் ஒரே வடிவத்துல இருக்கறதைக் கண்டு, படிகத்துக்கே ஒரு சாஸ்திரம் உண்டாக்கினார். உனக்கும் ஒடையும். சாஸ்திரம் வராது, பில்லு வரும்.

பெருசு வேணும்னு மட்டும் ஆசைப்படாதே. மெக்சிகோவுல நைகா சுரங்கத்துல 2000ல ஒரு குகை அகப்பட்டுச்சு. நம்ம கணக்குல ஆயிரம் அடி போர் ஆழம். செலினைட்டுத் தூணு ஒவ்வொண்ணும் 11 மீட்டர் வரைக்கும். உள்ள 58 டிகிரி சூடு, ஐஸ் சட்டை போட்டுக்கிட்டுப் போனாலும் சித்தெ நேரந்தான். மோட்டாரு வெச்சுத் தண்ணியை எறைச்சதாலதான் குகை கண்ணுக்குத் தெரிஞ்சுது. அப்புறம் எறைக்கறதை நிறுத்திப்புட்டாங்க, தண்ணி ஏறிக்கிச்சு. நல்லதுதான். அந்தத் தண்ணியிலதான் லட்சக்கணக்கான வருசமா அது வளந்துச்சு, மோட்டாரு ஓடினவரைக்கும் வளராம நின்னுருந்துச்சு. மோட்டாரை நிறுத்தினா வெளச்சல் வர்ற காடு உலகத்துலயே அது ஒண்ணுதான் கண்ணு, அதையும் நம்ம ஊர்ல குடுக்காம விட்டுட்டான் ஆண்டவன்.

நெசமாவே ஆசை இருந்தா, அரிசோனாவுல டூசான்னு ஒரு ஊரு. 1955ல ஒரு பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்ச கல்லுச் சந்தை இப்ப ஊரு பூரா நடக்குது, ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியுமா. லாட்ஜு ரூமுக்குள்ள கட்டிலை ஓரங்கட்டிப்புட்டு அங்கயே கடை. போனா மொத நாள் ஒண்ணும் வாங்காதே. நல்லதை எடுத்துக் கையில வெச்சு எடை பாரு, ஓரம் பாரு, பூதக்கண்ணாடியில பாரு. ஒட்டுப் போட்ட எடத்துல புற ஊதா டார்ச்சு அடிச்சா பசை பெரும்பாலும் நீலமா மினுக்கும். மினுக்கினா வாங்கக்கூடாதுன்னு இல்லை, மினுக்குன வெலையைக் குடுக்கணும்.

அத்தனை தூரம் டிக்கெட் போட முடியாதுன்னா, பரண்ல ஒரு தகரப் பெட்டி இருக்குது. வாகோலிக் கவான்சைட்டு, நல்ல நீலம், வெள்ளை ஸ்டில்பைட்டு மேல உக்காந்திருக்குது. ஒட்டுப் போடலை, ஓரம் ஒடையலை, அந்த மராட்டிப் பேப்பர் இன்னும் மேல சுத்தியிருக்குது, பேப்பர்லயே தேதி இருக்குது. குவாரி பேரு ரிக் நோட்டுப் புஸ்தகத்துல என்ற கையெழுத்துலயே இருக்குது. பட்டா சுத்தம். நேர்ல வந்து பாரு, வெலை பேசிக்கலாம். பேரன்னு சொல்லிக் கொறைச்செல்லாம் கேக்கக்கூடாது, உங்கம்மாகிட்ட இதைச் சொல்லவும் கூடாது.