உயர்ந்த மனிதர்

அவரை அடையாளம் காண வண்டியைப் பார்க்க வேண்டியதில்லை. வண்டியிலிருந்து இறங்கும் விதத்தைப் பார்த்தால் போதும். சின்ன காரில் வருபவர் முதலில் ஒரு காலை நீட்டுவார், அப்புறம் தலையைக் குனிந்து வெளியே எடுப்பார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு ‘அப்பாடா’ போடுவார். நம்மவர் அப்படியல்ல. கதவு திறக்கும். இருந்த இடத்திலிருந்தே தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்ப்பார். அப்புறம்தான் கால் தரைக்கு வரும். வாங்க வந்தது பத்து ரூபாய்க் கொத்தமல்லிக் கட்டு.

வேளச்சேரிப் பக்கம் அபார்ட்மென்ட், ஐ.டி. கம்பெனியில் மேனேஜர், ஏழு வருஷத் தவணையில் எஸ்.யூ.வி. டெலிவரி எடுத்த அன்று ஷோரூமில் பட்டுத்துணியை விலக்கி, முழங்கை நீள அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் இன்றுவரை அதுதான் அவர் முகப்புப் படம். மனைவி ஓரமாகத் தெரிகிறார். வண்டி முழுசாகத் தெரிகிறது.

ஏன் இவ்வளவு பெரிய வண்டி என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை ‘கிரவுண்ட் கிளியரன்ஸ்.’ இரண்டாவது ‘ரோடு பிரசன்ஸ்.’ மூன்றாவது, 2015 வெள்ளம். “அன்னிக்கு மட்டும் இந்த வண்டி இருந்திருந்தா...” என்று ஆரம்பிப்பார். ஆனால் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினார்களே, அந்த வரிசையில் முன்னால் நின்றது நம்மவர் வண்டிதான்.

“இது தண்ணியில போற வண்டிதானே சார்?”

“போகும் தம்பி, தாராளமா போகும். இன்சூரன்ஸ்காரன்தான் ஒத்துக்க மாட்டான்.”

கியர் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கிறது. திருப்பினால் ஸ்னோ, மட், சேண்ட் என்று வரும். பனி, சேறு, மணல். சேற்றுக்கும் மணலுக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை. பனிக்கு எங்கே போவது? மார்கழியில் ஒருநாள் விடியற்காலை வடபழனி கோயிலுக்குப் போகும்போது ஸ்னோவில் போட்டுப் பார்த்ததாகக் கேள்வி. நாலு சக்கரமும் இழுக்குமா என்று கேட்டால் மட்டும் குரல் இறங்கும். “டூ வீல் டிரைவ்தான். நமக்கு எதுக்கு ஃபோர் பை ஃபோர்? ஈ.சி.ஆர். தாண்டி எங்க போறோம்?”

இன்னொரு ரகசியத்தையும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள், மனுஷன் உடைந்துபோவார். அவருடைய எஞ்சின் 1497 சி.சி. 2025 செப்டம்பர் வரை இருந்த ஜி.எஸ்.டி. கணக்கில், ஒரு வண்டி எஸ்.யூ.வி.க்கான உச்சவரியைக் கட்ட மூன்று தகுதிகள் வேண்டும்: நீளம் 4 மீட்டருக்கு மேல், எஞ்சின் 1500 சி.சி.க்கு மேல், தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி குறைந்தது 170 மில்லிமீட்டர். இரண்டில் அவர் முதல் வகுப்பு. எஞ்சினில் மட்டும் மூன்றே மூன்று சி.சி. குறைந்து தவறிவிட்டார். ஊருக்கெல்லாம் எஸ்.யூ.வி., வரிக்காரருக்கு மட்டும் வெறும் கார். அதில் மிச்சமான பணத்தில்தான் சன்ரூஃப் வாங்கினார்.

சன்ரூஃப் பையனுக்கு. வருஷத்தில் பத்து மாசம் அதைத் திறந்தால் மண்டை வெந்துவிடும். மீதி இரண்டு மாசம் மழை. ஆனாலும் சாயங்காலமானால் அதன் வழியே பையன் அரசியல் தலைவர் மாதிரி எழுந்து நின்று கையாட்டுகிறான். இதற்கு நேர்மாறு மாமியார். அவருக்கு வண்டியில் ஏற முடியவில்லை. டிக்கியில் நிரந்தரமாக ஒரு பிளாஸ்டிக் முக்காலி இருக்கிறது. கோயில் வாசலில் முக்காலி இறங்கும், பிறகு மாமியார் இறங்குவார். “இதுக்கு அந்தப் பழைய மாருதியே தேவலை” என்று அவர் சொல்வது மாப்பிள்ளை காதில் விழாது. உயரம் அப்படி.

அபார்ட்மென்ட் வாசலில் மட்டும் கம்பீரம் கொஞ்சம் குறையும். அங்கே பார்க்கிங்குக்குக் கோடு போட்டது மாருதி 800 காலத்தில். அந்த வண்டியின் அகலம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை; இவருடையது ஒன்றே முக்கால் மீட்டருக்கு மேல். குடும்பத்தைக் கேட்டுக்கு வெளியிலேயே இறக்கிவிட்டு, தூணுக்கும் பக்கத்து வண்டிக்கும் நடுவில் சொருகி, வயிற்றை எக்கி, சட்டைப் பொத்தான் உரச, கதவிடுக்கு வழியாகப் பிதுங்கி வருவார். அப்போது மட்டும் தெருவைப் பார்ப்பதில்லை.

உயரத்தில் இருந்தால் முன்னால் நடப்பது எல்லாம் தெரியும் என்றுதான் வாங்கினார். முதல் ஆறு மாசம் தெரிந்தது. அப்புறம் இரண்டாம் மாடிக்காரர் இதைவிட உயரமான ஏழு சீட்டர் வாங்கினார், எதிர்வீட்டுக்காரர் அதையும் மிஞ்சினார். இப்போது நாட்டில் விற்கும் கார்களில் பாதிக்கு மேல் இந்த ஜாதி. விஜயநகர் சிக்னலில் நம்மவர் முன்னால் ஒரு எஸ்.யூ.வி., பின்னால் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. சிக்னல் பச்சையானது பின்னாலிருப்பவர் ஹாரன் அடித்தால்தான் தெரிகிறது. எல்லோரும் எழுந்து நின்று சினிமா பார்க்கும் கொட்டகையில் டிக்கெட் வாங்கியவர் கதிதான்.

இதில் உட்கார்ந்து பார்க்க நினைப்பவன், சின்னக் கார் போதும் என்பவன் கதி என்ன? அவனுக்கு டிக்கெட்டே இல்லை. இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையிலிருந்து 1998-இல் ஊருக்குள் வந்த சான்ட்ரோ இடையில் போய், 2018-இல் திரும்பி வந்து, 2022-இல் ஒரேயடியாகக் கிளம்பிவிட்டது. அங்கே இப்போது கிரெட்டா எஸ்.யூ.வி.யின் ராஜ்யம். ஒரகடத்தில் செய்த டாட்சன் சின்னக் கார்களும் 2022-இல் நின்றன. ஆல்டோ 800 அடுத்த வருஷம். லட்ச ரூபாய் நானோ எப்போதோ போயாகிவிட்டது. அமெரிக்காவில் ஃபோர்டு, செடான் வகையையே கைவிடப்போவதாக 2018-லேயே சொல்லிவிட்டது. ஏர்பேக், புகைக் கட்டுப்பாடு என்று ஒவ்வொரு விதி வரும்போதும் செலவு ஏறுகிறது. அதை நாலு லட்ச ரூபாய் வண்டியின் தலையில் கட்டினால் வாங்குபவன் ஓடிவிடுவான், பதினெட்டு லட்ச வண்டியில் கட்டினால், “டாப் என்ட் எவ்வளவு?” என்று கேட்கிறான். கம்பெனி யார் பக்கம் நிற்கும்?

2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு வரி 18 சதவீதமாக இறங்கியது. மனைவி விடவில்லை. “கடை கண்ணிக்குப் போக, சந்துக்குள்ள திருப்ப, சின்னதா ஒண்ணு பாருங்க.” நம்மவர் ஷோரூமுக்குப் போனார்.

“சின்ன வண்டி ஏதாவது காட்டுங்க தம்பி.”

“இருக்கு சார். நாலு மீட்டருக்குள்ள அடங்கிடும், பதினெட்டு சதவீத வரிதான். சின்ன எஸ்.யூ.வி.!”

நம்மவர் அதைச் சுற்றி வந்தார். ஏறி உட்கார்ந்தார், தெருவைப் பார்த்தார், இறங்கினார்.

“சன்ரூஃப் வருமா?”

அட்டைச் சாவி மறுபடி தயாராகிறது.