கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டியவர்

பெங்களூருவில் பெல்லந்தூர், ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு பக்கம் போனால் இவரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. லேப்டாப் கேமராவின் மேல் சின்னதாக ஒரு கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். அலெக்ஸா இருக்கும் அறையில் சம்பளத்தைப் பற்றி மனைவியிடம்கூட வாய் திறக்கமாட்டார். அமெரிக்க கம்பெனிகள் தன் அந்தரங்கத்தை அறியத் துடிக்கின்றன என்பது இவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. (அந்த அந்தரங்கத்தில் பெரும்பகுதி ராத்திரி பதினொரு மணிக்கு ஆர்டர் செய்த பிரியாணி.) இதே மனிதர், சூப்பர் மார்க்கெட்டில் “மொபைல் நம்பர் சொல்லுங்க சார்” என்றதும், வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி பத்து இலக்கத்தையும் ஒப்பிப்பார். வாடகை ஒப்பந்தத்துக்கு ஆதார் நகல் கேட்டால், தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்ஆப்புக்கு பிடிஎஃப் பறக்கும். அது கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில், யாரோ ஒருவரின் பாஸ்போர்ட்டுக்கும் இன்னொருவரின் பான் கார்டுக்கும் நடுவே போய் உட்காரும். “டெலிட் பண்ணிடுங்க” என்பார். கடைக்காரர் அடுத்த ஆளின் பேப்பரை எண்ணியபடியே தலையாட்டுவார். இவருக்கு அது போதும்.

ஸ்டிக்கர் வீண் என்று சொல்லவில்லை. கேமராவுக்குள் புகுந்து பார்க்கிறவர்களும் உண்டுதான். ஆனால் இன்று இந்த ஊரில் பணத்தைச் சுருட்டுகிறவனுக்குக் கேமராவை உடைத்துக்கொண்டு வரவேண்டிய அவசியமே இல்லை. அவன் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு போன் போடுகிறான். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டி, வீடியோவை ஆன் செய்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்காரச் சொல்கிறான். ஸ்டிக்கரை உரிப்பது நம்மவர் கைதான். படித்தவர் இதில் எப்படி விழுவார் என்று கேட்கலாம். 2024 கடைசியில் பெங்களூரு மென்பொருள் பொறியாளர் ஒருவரிடமிருந்து இப்படிப் போனது சுமார் 11.8 கோடி ரூபாய். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது என்று அதற்கு முன்பே, அக்டோபர் 27ஆம் தேதி, பிரதமரே வானொலியில் சொல்லியிருந்தார். இங்கே படிப்பு உதவாததற்குக் காரணம் இருக்கிறது. தன் ஆதார் எண் தனக்கும் அரசுக்கும் மட்டுமே தெரியும் என்று நம்புகிறவரிடம், அந்த எண்ணைக் கடகடவென்று ஒப்பிக்கிறவன் அரசாகத்தானே இருக்க வேண்டும்? எண் ஊரெல்லாம் ஜெராக்ஸ் கடைகளில் கிடக்கிறது என்று தெரிந்தவர்தான் “சரிப்பா, அதனால என்ன?” என்று கேட்பார்.

“கேட்கிற இடத்திலெல்லாம் கொடுக்காமல் என்ன செய்வது?” என்பார் நம்மவர். நியாயமான கேள்விதான். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகமே, நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில் மத்திய அமைச்சகம் அதைத் திரும்பப் பெற்று, வழக்கமான விவேகத்தோடு நடந்துகொண்டால் போதும் என்றது. ஓர் ஆப் பேரைச் சொன்னால் நம்மவர் போட்டுக்கொள்வார்; விவேகத்தை எங்கே டவுன்லோட் செய்வது? ஆனால் வாபஸானது அறிவிப்பு மட்டும்தான். மறைப்பு ஆதார் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. எதற்கு முழு எண் என்று ஒரு வார்த்தை கேட்பதற்கும் காசில்லை. நம்மவர் கூகுளைக் கேள்வி கேட்பார். ஜிம் ரிசப்ஷனில் கேட்கத்தான் கூச்சம்.

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, 2012இல், 86 வயதில் ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். தீர்ப்பு நம்மவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அந்த உரிமை தன் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கும் உண்டு என்ற பத்தி மட்டும் கண்ணில் படவில்லை. அவருடைய ஆதார் இவர் போன் கேலரியில் இருக்கிறது, அபார்ட்மெண்ட் குரூப்பில் இருக்கிறது, “ஆள் வேணுமா?” என்று கேட்ட மூன்றாவது மாடிக்காரரிடமும் இருக்கிறது. அந்த அம்மாவைப் பொறுத்தவரை, தெருமுனை ஜெராக்ஸ் கடை இவர்தான். பாதுகாப்புக்காக விசாரிக்க வேண்டாமா என்றால், விசாரிக்கலாம். அதற்குப் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, இருநூறு பேர் குரூப் எதற்கு? அந்தப் படத்தில் ஓர் இலக்கமும் மறைந்திருக்காது. முதல் தடவை எடுத்தது மங்கலாக இருக்கிறது என்று, கார்டை வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லி மறுபடி எடுத்தவர் இவர்.